டீயில் கலந்த அரை மாத்திரை

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது என் வேலை. தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டுகிறவன், எடைக்கல்லைக் குடைந்து வைக்கிறவன் என்று எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். ஏமாற்றுகிறவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவ்வளவு யோக்கியம் பேசுகிற நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

என் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். தெருவுக்கே அவள் "பட்டன் அக்கா". பட்டன் வைக்கிற வேகத்தில் அவளை அடிக்க ஆளில்லை. வாயும் அதே வேகம்தான். நாற்பது வயதில் அந்த விரல்கள் வீங்கின. காலையில் டம்ளரைப் பிடிக்க முடியாது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அவள் மூட்டுகளை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது என்றார் டாக்டரம்மா. சொந்த உடம்பே தன்னை அடிக்குமா என்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

ஆறு வருடம் வீக்க மாத்திரையில் ஓடியது. முகம் உப்பியது, எலும்பு தேய்ந்தது. அப்போதுதான் டாக்டரம்மா புது ஆராய்ச்சி ஒன்றைப் பற்றிச் சொன்னார்.

"ரத்தத்துல சில அணுக்கள் இருக்கும்மா. மத்த அணுக்கள் வெறி புடிச்சு ஓடாம அடக்கி வைக்கிறதுதான் அதுங்க வேலை. அதை உங்க ரத்தத்துலேர்ந்தே எடுத்து, வெளிய பெருக்கி, திருப்பி ஏத்தப் போறோம். ஆனா பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணிதான் ஏறும். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. அப்பதான் நிஜமாவே வேலை செய்யுதான்னு கண்டுபிடிக்க முடியும். பழைய மாத்திரையை நிறுத்திடணும். வலி தாங்கலைன்னா என்கிட்ட சொல்லுங்க, நீங்களா எதுவும் போடாதீங்க."

ஏற்றினார்கள். மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினாள். மூன்றாவது வாரம் அவளால் தலை வாரக்கூட முடியவில்லை. டாக்டரம்மாவிடம் சொல்லலாம் என்றேன்.

"சொன்னா ஆராய்ச்சிய விட்டு அனுப்பிடுவாங்க. நீங்க சும்மா இருங்க."

சும்மா இருந்திருக்கலாம். கை நுழையாத ரவிக்கையோடு அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுததைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. மிச்சமிருந்த பழைய மாத்திரையில் பாதியைப் பொடித்து அவள் காலை டீயில் கலந்தேன்.

"என்னங்க, டீ கசக்குது?"

"கடைக்காரன் தூளை மாத்திட்டான். சர்க்கரை போடுறேன் இரு."

வாய் கூசாமல் சொன்னேன்.

பத்தே நாளில் அவள் ஊசியில் நூல் கோத்தாள். என்னைத் திட்டவும் ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் மூட்டுகளை அளந்த டாக்டரம்மா சிரித்துக்கொண்டே குறித்தார். மறுநாளும் கலந்தேன். இரண்டு மாதம் கலந்தேன்.

அதே ஆராய்ச்சியில் ஒரு பஸ் கண்டக்டர் பெண்ணும் இருந்தாள். ஒரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில், "முடியலக்கா, விட்டுட்டுப் போறேன்" என்றாள். என் மனைவி தன் விரல்களை மடக்கி விரித்துக் காட்டினாள்.

"எனக்கும் இப்படித்தாம்மா இருந்துச்சு. கொஞ்சம் பொறுத்துக்கோ. வேலை செய்யுது."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. எங்களை உள்ளே கூப்பிட்டதும் மனைவியை வைத்துக்கொண்டே டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மனைவி திட்டவில்லை. "எத்தனை நாளா?" என்று கேட்டாள். சொன்னேன்.

"வெளிய போய் அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லுங்க."

சொன்னேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். ஆராய்ச்சியிலிருந்து என் மனைவியின் பெயரை எடுத்தாயிற்று. மருந்துகள் கலந்துவிட்டதால், அவள் பாதுகாப்புக்காக, ஏற்றியது எது என்று எழுதி ஒட்டி வைத்திருந்த உறையைப் பிரித்துப் பார்த்திருந்தார்கள்.

"உங்களுக்கு ஏறினது உப்புத்தண்ணி இல்லம்மா. அணுக்கள்தான்."

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப அதுலதான் கை சரியாச்சா?"

"அதனாலயும் இருக்கலாம், மாத்திரையாலயும் இருக்கலாம். இனிமே கண்டுபிடிக்க வழியில்லம்மா. இந்த ஆராய்ச்சியில மறுபடி ஏத்தவும் முடியாது."

சரி என்று தலையாட்டினாள். மாடிப்படியில் இறங்கும்போது, அவளுக்காகத்தான் செய்தேன் என்று நான் புலம்பிக்கொண்டே வந்தேன். பாதிப் படியில் நின்றாள்.

"நான் தாங்கியிருப்பேங்க. உங்களாலதான் தாங்க முடியல."

ஆமாம் என்றேன்.