பதினாறு படமும் பீச்சாங்கை

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகள் என்னை விடவில்லை. பெங்களூர்த் தண்டில், அதாவது கண்டோன்மெண்ட் பக்கம், ஒரு மண்டபத்தில், சித்திரப் பள்ளியில் தேறிய பிள்ளைகள் தாங்கள் செய்த சாமான்களைப் பரப்பி வைத்திருக்கிறார்களாம், நான் வந்தே ஆக வேண்டுமாம். போனேன். கொட்டாங்குச்சியில் விளக்கு, பனையோலையில் கைப்பை, காகிதக் கூழில் யானை. யானையிடம் தும்பிக்கையைத் தவிர வேறொன்றும் யானையாக இல்லை. கேட்டால், "புது மாதிரி சார்" என்கிறான் பையன். எரிச்சலோடு கடைசி மேஜைக்கு வந்தால் குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். புது மை வாசனை மூக்கில் ஏறியது. படம் நன்றாக இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. படத்திலிருக்கும் பையன் எந்தக் கையால் சாப்பிடுகிறான் என்றுதான் பார்த்தேன். வலது கை. அப்பாடா என்று மூச்சு விட்டதைப் பார்த்துத் தங்கை மகள் முறைத்தாள். உங்களிடம் சொல்வதற்கென்ன, இந்த வியாதி எனக்குப் பல வருஷமாக இருக்கிறது.

அந்தக் காலத்து மை இதைவிடக் காட்டமாக இருக்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் விளக்குக் கரியும் கலந்த நெடி. பிளாக்பள்ளியில் ஒரு சந்துக்குள் காதர் சாகிப் வைத்திருந்த கல்லச்சுக் கூடத்தில் மூன்று வருஷம் அதிலேயே ஊறிக் கிடந்தேன். வீட்டுக்குப் போனால் அம்மா கொல்லைப்பக்கமாக வரச் சொல்வாள். அப்பாவுக்குச் சமஸ்தானத்தில் உத்தியோகம். பிள்ளையும் தன்னைப் போல ஆபீசுக்குப் போவான் என்று மல்லேஸ்வரம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நானோ தொழிற்கலைப் பள்ளியில் எழுத்துச் சித்திரம் படித்துவிட்டு வந்து நின்றேன். "எழுத்து எழுதறதுக்கு ஒரு படிப்பாடா? அப்ப முப்பது வருஷமா நான் ஆபீஸ்ல என்ன பண்றேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

கல்லச்சு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வழவழப்பான கல் பலகை ஒன்றில் மையால் எழுதி, அதன்மேல் தாளை வைத்து அழுத்தி எடுப்பார்கள். ஆகவே கல்லில் எல்லாம் இடவலம் மாறி இருக்க வேண்டும். அப்போதுதான் தாளில் நேராக விழும். நான் அதில் கெட்டிக்காரன். அ முதல் ஃ வரை கண்ணை மூடிக்கொண்டு திருப்பி எழுதுவேன். கடிதம் எழுத உட்கார்ந்தால்கூடச் சில நாள் கை வலமிருந்து கிளம்பும். இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் பின்னால் வினையாக வந்தது.

படம் போடுகிறவன் ஆரோக்கியம். என்னோடு படித்தவன், அல்சூர்க்காரன், முழுப்பெயர் ஆரோக்கியசாமி. கரிக்கோலைத் தாளில் வைத்தால் எடுக்காமல் ஒரே இழுப்பில் ஒரு குழந்தையின் முதுகைப் போட்டுவிடுவான். அந்தக் கோட்டில் அந்தக் குழந்தை அழப்போகிறதா சிரிக்கப்போகிறதா என்பதும் தெரியும். எனக்குப் பொறாமையாக இருக்கும், மறைப்பானேன். அவன் அதைப் போட்டது இடது கையால். சாப்பிடுவதற்கு மட்டும் வீட்டில் அடித்து வலது கைக்கு மாற்றியிருந்தார்கள். சின்ன வயதில் தெருவே அவனைப் பீச்சாங்கை என்றுதான் கூப்பிடும். அந்தச் சொல்லைக் கேட்டால் இருபத்தைந்து வயதிலும் அவன் முகம் சுருங்கிவிடும்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உலகத்தைத் திருத்தப் புறப்பட்டோம். முதல் சரக்கு, படம் போட்ட ஒற்றுத்தாள். ஆபீஸ்காரர்கள் மை ஒற்றும்போது கண்ணுக்கு அழகாக இருக்கட்டுமே என்று ஓரமெல்லாம் மயிலும் கொடியும். அது அழகாக இருந்ததுதான் தொல்லை. வாங்கிய அத்தனை பேரும் மை படக்கூடாது என்று கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்கள். இரண்டாவது ஒன்று கேட்டு ஒருத்தரும் வரவில்லை. அடுத்து அட்டை விசிறி. அந்த வருஷம் பார்த்துப் பெங்களூரில் வெயிலே இல்லை.

அப்போதுதான் மிஷன் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் ஞானம்மாள் கூப்பிட்டனுப்பினார். சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல பழக்கங்களைச் சொல்லும் படப் புத்தகம் வேண்டும், பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒரு படம், அடியில் ஒரு வரி. "புத்தகம் நல்லா வந்தா, நம்ம பள்ளிக்கூடத்துக்கு ட்ராயிங் மாஸ்டர் ஒருத்தர் தேவைப்படுது தம்பி" என்று ஆரோக்கியத்தைப் பார்த்துச் சொன்னார். அவன் அதுவரை கடைப் பலகையிலும் பிஸ்கட் டப்பாவிலும் படம் போட்டுக் காலம் தள்ளியவன். மாதா மாதம் சம்பளம் வரும் வேலை என்று ஒன்றை அவன் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "டேய், இது மட்டும் கெடைச்சிடுச்சுன்னா..." என்றான்.

அவ்வளவு ஆசை இருப்பவன் என்ன செய்ய வேண்டும்? சீக்கிரம் படத்தைப் போட்டுத் தர வேண்டும். ஆரோக்கியமோ ஒரு பையன் பல் விளக்கும் படத்துக்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டான். கால் கட்டைவிரல் சரியில்லையாம். பல் விளக்குகிறவன் கட்டைவிரலை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கத்தினேன். "நான் பாப்பேன்டா" என்றான். சாகிப் கல்லைத் துடைத்து வைத்துக்கொண்டு தினமும் என்னைத்தான் கேட்பார், "இன்னா பாய், பேக்கா, பேடவா?" என்று. வேண்டுமா வேண்டாமா என்று அவர் கன்னடத்தில் கேட்டால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது பதினாறையும் மொத்தமாகக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

படங்களைக் கல்லுக்கு மாற்றுவது என் வேலை. படத்தின்மேல், மை இரண்டு பக்கமும் ஊறும் மெல்லிய தாளை வைத்து நகலெடுத்து, அந்த நகலைக் கல்லின்மேல் *குப்புற* வைத்துத் தேய்க்க வேண்டும். நான் எழுத்துக்காரன். திருப்பி எழுதும் வித்தை கையிலேயே இருந்ததால் தாளைத் திருப்பிப் போடும் பழக்கம் எனக்குக் கிடையாது. அவசரம், அவன்மேல் கோபம், இரண்டும் சேர்ந்து பதினாறு நகலையும் மல்லாக்க வைத்துத் தேய்த்தேன். அடியில் எழுத்தை மட்டும் வழக்கம்போலத் திருப்பி அழகாக எழுதினேன்.

மாதிரித் தாள் வந்தபோது மூன்று பேரும் பார்த்தோம். நான் எழுத்தை மட்டும் பார்த்தேன், ஒரு புள்ளி பிசகில்லை. சாகிப் மையை மட்டும் பார்த்து, "எப்படி குந்திக்கினு கீது பாரு" என்றார். ஆரோக்கியம் கட்டைவிரலைப் பார்த்தான். பையன் பீச்சாங்கையால் பல் விளக்குவது அவன் கண்ணுக்குத் தப்பாகவே படவில்லை. அவனும் அப்படித்தானே விளக்குவான்.

ஞானம்மாள் டீச்சர் மேஜையில் புத்தகத்தை வைத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முகம் மாறிக்கொண்டே வந்தது. ஐந்தாவது பக்கத்தில் நிறுத்தி உரக்கப் படித்தார். "சோறு வலது கையால் உண்போம்." படத்தில் ஒரு சிறுமி அத்தனை அழகாக, தலையைக் குனிந்து, இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அடுத்த பக்கத்தில் பெரியவருக்கு இடது கையால் தண்ணீர் கொடுக்கிறான் ஒரு பையன். அதற்கடுத்ததில் அம்மாவின் முந்தானை வலது தோளில். "இந்தம்மா என்ன, சேட்டு வீட்டுப் பொம்பளையா?" என்றார். பக்கத்திலிருந்த இன்னொரு டீச்சர் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

நகலைக் குப்புறப் போடாமல் விட்டது எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

டீச்சர் பென்சிலை நீட்டி, "எங்கே, அந்தக் கையை எப்படித் திருத்துவீங்க, போட்டுக் காட்டுங்க" என்றார். ஆரோக்கியம் பென்சிலை இடது கையால் வாங்கினான். டீச்சர் அந்தக் கையையே பார்த்தார். "ஓகோ. நீங்களே பீச்சாங்கையா? அப்புறம் படம் வேற எப்படி வரும்?" பென்சிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "பிள்ளைங்க முன்னால இந்தக் கையால போர்டுல எழுதினா நல்லாவா இருக்கும்? சோத்தாங்கையில பழகிட்டு வாங்க தம்பி, அப்புறம் பாக்கலாம்."

வெளியே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வெளியே கேட்டருகில் வந்ததும் அவனே கேட்டான்.

"டேய், நகலைக் குப்புறப் போட்டுத்தானே தேய்ச்சே?"

"ஆமாண்டா."

அவ்வளவுதான் சொன்னேன். கெட்டிக்காரன் என்ற பெயருக்காக ஒரு சொல். அவன் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "அப்ப நான்தான் அப்படிப் போட்டிருக்கேன். எனக்கே தெரியல பாரு" என்றான். அவன் போட்ட அசல் தாள்களைத் தேடிப் போகலாம் என்றால், சாகிப் அவற்றை மை துடைக்க எடுத்துவிட்டிருந்தார். தப்பித்தோம் என்று அன்று சந்தோஷப்பட்டவன் நான். இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

ஒரு வருஷம் பழகினான். சிலேட்டு வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு, வலது கையால் வட்டம் போட்டான். போய்ப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன், காபி குடித்துவிட்டு வந்துவிடுவேன். வேலை கிடைத்தது. கல்யாணம் நடந்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கரும்பலகையில் மாம்பழம் போட்டிருந்தான். அளவெல்லாம் சரி, நிழல் சரி. எந்த டிராயிங் மாஸ்டரும் போடக்கூடிய மாம்பழம். "எப்படிடா இருக்கு?" என்றான். நன்றாக இருக்கிறது என்றேன்.

இன்று அந்தச் சந்தில் கல்லச்சுக் கூடம் இல்லை, சைக்கிள் வாடகைக் கடை இருக்கிறது. கல்லிலிருந்த படங்களைச் சாகிப் அந்த மாதமே மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துவிட்டு, ஒரு பீடிக் கம்பெனிக்கு லேபிள் அடித்தார். அச்சடித்த புத்தகங்கள் பொட்டலக் கடைக்குப் போயின. சாகிப் இல்லை. ஞானம்மாள் டீச்சரும் இல்லை. ஆரோக்கியம் போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டான்.

துக்கம் கேட்கப் போனபோது அவன் மனைவி ஒரு பெட்டி நிறையப் படங்களை எடுத்துக் காட்டினாள். மாம்பழம், கூஜா, சர்ச் கோபுரம். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, பெட்டி காலியானதும், "பழைய படம் ஏதாவது இருக்கா தங்கச்சி? பீச்சாங்கையால போட்டது?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "யார் அண்ணா, இவரா? அவருக்கு அந்தப் பழக்கமே கெடையாதே. எப்பவும் சோத்தாங்கையிலதான் போடுவாரு."

"ஆமாம்மா" என்றேன்.