ஸ்ரீராம்பூரில் நான் நிபுணரான கதை

போன வாரம் எதிர்வீட்டில் பழைய சுவரை இடித்தார்கள். சுண்ணாம்புக் காரையின் வாசனை எங்கள் சமையலறை வரை வந்தது. வசந்தி என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு காபியை ஆற்றினாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்ரீராம்பூர் நினைவு!

தொண்ணூறுகளில் கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போயிருந்தேன். அங்கே பெஹாலா பகுதியில் மூன்று தலைமுறையாக இருந்த தமிழ்க் குடும்பத்துப் பெண் வசந்தி. கல்யாணப் பேச்சு எழுந்ததும், "ரெண்டு பேரும் எங்கயாவது போய்ப் பேசிட்டு வாங்க" என்றார் அவள் அப்பா. ஹவுராவில் லோக்கல் ரயில் ஏறினோம். ஸ்ரீராம்பூர் கங்கைக் கரையில் உள்ள சின்ன ஊர். தெருவெல்லாம் தூண் வைத்த பழைய மாளிகைகள்.

நானோ திருநெல்வேலிக்காரன். கல்லைப் பற்றி எனக்குத் தெரியாதது உண்டா?

"எங்க ஊர் கோயில் மாதிரியே, ஒரே கல்லுல செதுக்கின தூணு" என்று ஒன்றை ஓங்கித் தட்டினேன். பொத்தென்று காரை பெயர்ந்து என் புதுச் சட்டையில் விழுந்தது. உள்ளே செங்கல்.

லுங்கியும் குரங்குக் குல்லாயுமாக வீட்டுக்காரர் ஓடிவந்தார். வசந்தி வங்காளத்தில் ஏதோ சொன்னாள். உடனே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொன்னீங்க?"

"மெட்ராஸ்லேர்ந்து வந்த பில்டிங் எக்ஸ்பர்ட்னு. பேசாம வாங்க, இல்லேன்னா அடி விழும்."

அறை அறையாக அழைத்துப் போனார். நான் உத்தரத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினேன். ஆற்றைப் பார்த்த வராந்தாவில் சந்தேஷ் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார்.

"தம்பிங்க வித்துடலாம்ங்கறாங்களாம். இவர் பொறந்த வீடு. நிக்குமான்னு கேக்கறார்" என்றாள் வசந்தி. அவர் கண்கள் கலங்கியிருந்தன. வாய் நிறைய இனிப்போடு நான், "நிக்கும் தாதா, நிக்கும்" என்றேன். தாதா என்றால் அங்கே அண்ணன்; மீதியை வசந்தி வங்காளத்தில் சொன்னாள்.

திரும்பும்போது ரயிலில் வசந்தி கேட்டாள்: "உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, இல்ல?"

"தெரியாது."

"அப்பாடா. எல்லாம் தெரிஞ்ச மனுஷனோட எப்படிக் குடும்பம் நடத்தறதுன்னு பயந்துட்டேன்."

அப்படித்தான் எங்கள் கல்யாணம் நிச்சயமானது.

அந்த மனிதரோ என் வாக்கை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மெட்ராஸ் நிபுணரே சொல்லிவிட்டார் என்று தம்பிகளின் வாயைச் சில வருஷம் அடைத்திருக்கிறார். நாங்கள் போகும்போதெல்லாம் பெருமையாகச் சொல்வார். வீடும், என் மானத்தைக் காப்பாற்றவோ என்னவோ, நின்றது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு போனோம். அந்த இடத்தில் அடுக்குமாடி. வாட்ச்மேனுக்கு அவர் பெயர்கூடத் தெரியவில்லை. முனை மிட்டாய்க் கடைக்காரர்தான் சொன்னார்: வீட்டை விற்றதும் கல்கத்தாவில், கரியாஹாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனவர் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லையாம்.

தெருவில் நின்று எட்டி எட்டிப் பார்த்தோம். அங்கிருந்து இப்போது கங்கை தெரிவதில்லை.