பாம்புக்கு வந்த வீக்கம்

மாமா விழுப்புரத்தில் செல்போன் கடை வைத்திருந்தார். கடையைவிட அவருக்குப் பிரியமானவை, மாடி அறையில் பிளாஸ்டிக் பெட்டிகளில் வளர்த்த இரண்டு வெளிநாட்டு மலைப்பாம்புகள். ஆண் ஒன்று, பெண் ஒன்று. விஷம் கிடையாது, பயந்தால் பந்துபோலச் சுருண்டு தலையை ஒளித்துக்கொள்ளும். திண்டிவனத்திலிருந்து கோடை விடுமுறைக்குப் போயிருந்த எனக்கு அவற்றை விட்டு நகர மனம் வராது. அத்தைக்கும் பயமில்லை. அவர் மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவர். வலையில் மீனோடு கடல்பாம்பும் வந்து விழுவதைப் பார்த்து வளர்ந்தவருக்குப் பெட்டிப்பாம்பு ஒரு பொருட்டில்லை.

கவலையெல்லாம் மாமாவுக்குத்தான். பெண் பாம்பு பல வாரங்களாக இரை எடுக்கவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றியே கிடந்தது. சில சமயம் வயிறு மேலே தெரிய மல்லாந்து படுத்தது. "சீக்கா, இல்ல முட்டைக்கு ரெடியாவுதான்னே தெர்லியே" என்று தட்டுச் சோற்றின் முன்னாலும் அதே பேச்சு.

ஒருநாள் காலை, மாமா கடைக்குப் போன பிறகு, தண்ணீர் மாற்ற அத்தை பெட்டியைத் திறந்தார். பாம்பின் நடு உடம்பு, எதையோ முழுசாக விழுங்கியதுபோலப் புடைத்திருந்தது. அதே நேரம் கீழே வீட்டுக்கார அம்மா தன் வெள்ளைப் பூனைக்குட்டியைக் காணாமல் தெருவெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இறங்கி ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன்.

மேலே வந்து பார்த்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பொழுது சாயறதுக்குள்ள இதுங்க வெளிய போவணும். இல்லாங்காட்டி நீங்க வீட்ட காலி பண்ணுங்க."

அத்தை போன் செய்ய, மாமா தலையில் ஹெல்மெட்டோடு வந்து பெட்டிமுன் குனிந்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"சீக்கும் இல்ல, பூனையும் இல்லம்மா. உள்ள கருமுட்டைங்கல்லாம் ஒண்ணா வெளிய வர்ற நாளு இது. அதான் வீக்கம். நாளைக்கே வடிஞ்சிடும். முட்ட போட இன்னும் ஒரு மாசத்துக்கு மேல ஆவும்."

"என் பூனைய முழுங்கிட்டுக் கெடக்கறதுக்குப் புள்ளத்தாச்சின்னு பேரா?" என்றார் அவர்.

அத்தைதான் குறுக்கே புகுந்தார். "நாளைக்குக் காலைல வரைக்கும் பொறுத்துக்கோங்கம்மா. பூனையத் தின்னுருந்தா ஒரு நாள்ல செரிக்குமா? நாளைக்கும் வீக்கம் இப்பிடியே இருந்துச்சின்னா நாங்களே தூக்கிக்கினு போயிடறோம்."

அன்று மாமா கடைக்குத் திரும்பவில்லை. பெட்டியருகிலேயே உட்கார்ந்திருந்தார், தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

விடிந்ததும் வீட்டுக்கார அம்மா கூப்பிடாமலே வந்தார். பாம்பு பழையபடி ஒரே சீராகக் கிடந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார். "அப்போ என் பூன எங்க?" என்றார். தாய்ப்பூனை அதைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தது மதியத்துக்குமேல்தான் தெரிந்தது. மறுநாளிலிருந்து வீட்டுக்கார அம்மா தினமும் படியேறி வந்து, "போட்டுச்சா?" என்று கேட்கத் தொடங்கினார். பாம்பு சட்டை உரித்த சேதியைத் தெருவுக்கே சொன்னவரும் அவர்தான்.

என் விடுமுறை முடியப் போகும் சமயத்தில் அது முட்டையிட்டது. வெள்ளை வெளேரென்ற முட்டைகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு, யாரையும் அண்டவிடாமல் படுத்திருந்தது. வீட்டுக்கார அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் அத்தைமேல் நின்றது. பெட்டி வாடை தாங்காமல் அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

"நேத்து மீன் கொழம்பு குடுத்தேன், வேணாம்ட்ட. எத்தினி நாளா இப்பிடி?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். வாரக்கணக்காகப் பாம்பின் ஒவ்வொரு அசைவையும் பார்த்துக் குறி சொன்ன மாமா, அத்தையை அப்போதுதான் புதிதாகப் பார்ப்பவர்போல நின்றார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அம்மாவுக்குப் போன் போட்டு, "அத்தைக்கும் பாம்போட சீக்கு ஒட்டிக்கிச்சும்மா, சாப்புடவே மாட்டேங்கறாங்க" என்றேன். அம்மா அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். சீக்காளியைப் பார்க்க வந்தவள் ஏன் முழம் முழமாக மல்லிகையும் பை நிறைய மாங்காயும் வாங்கி வந்தாள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.