தூக்கிப் பிடித்த கன்னம்

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெண், பல வருஷம் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். மெலிந்த முகம். தாடைக்குக் கீழே தோல் தளர்ந்து தொங்கியது. பேசும்போதெல்லாம் உள்ளங்கையால் கன்னத்தைக் காதுப் பக்கமாக மேலே ஒதுக்கிக்கொண்டார். பல்வலியா என்று கேட்டேன். சிரித்தார்.

"நான் வேல செஞ்ச வீட்டு மேடம், வயசு தெரியக் கூடாதுன்னு ரெண்டு தடவ ஆபரேஷன் பண்ணி முகத்தத் தூக்கித் தைச்சுக்கிட்டாங்க. மொத தடவ தோலை மட்டும் இழுத்தாங்க. தப்பு மேளத்துல இழுத்துக் கட்டுன தோல் மாதிரி இருந்துச்சு. கொஞ்ச வருசத்துல மறுபடி தொங்கிருச்சு. ரெண்டாவது தடவ அப்படி இல்லீங்க. உள்ள இருக்கிற சதையையே தூக்கித் தைச்சாங்க, கழுத்தையும் சேத்து. தழும்பு காதுக்குப் பின்னாடி மறைஞ்சுரும். கட்டு அவுக்கிற வரைக்கும் நாந்தான் கஞ்சி ஊட்டுனேன்."

"நீங்க ஏன் கன்னத்தப் பிடிக்கிறீங்க?"

"மக வீடியோவுல கூப்பிட்டா இப்படித்தான் பிடிச்சுக்குவேன். எளைச்சுட்டேன்னு தெரிஞ்சா அழுவா. அதுவே பழகிருச்சுங்க."

மஸ்கெலியாவில் இறங்கினோம். இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் ஓர் இளம்பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் முகத்தையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குள் எட்டித் தேடினாள்.

அவர் கூப்பிடவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் கன்னங்களைத் தூக்கிப் பிடித்தபடி மகள் முன்னால் போய் நின்றார்.

"கைய எடும்மா," என்று கதறினாள் அவள்.

இன்றைக்கும் வீடியோவில் யாராவது கன்னத்தில் கைவைத்துப் பேசினால், கையை எடுக்கச் சொல்லிவிடுகிறேன்.