பொங்காத பானை

பாரிஸில், ரூ காய் தெருவில் நான் வேலை செய்த புடவைக்கடையின் தொலைக்காட்சியில்தான் அக்காவைப் பார்த்தேன். போர் முடிந்து வந்த முதல் தைப்பொங்கல். முள்வேலி முகாமில் நடந்த பொங்கல் விழாவை இலங்கை அரசுத் தொலைக்காட்சி காட்டிக்கொண்டிருந்தது. கொடிகள், நாதஸ்வரம், வரிசையாக அடுப்புகள். ஒரு மண்பானைக்கு முன்னால் அக்கா குந்தியிருந்தாள். அடுத்த நொடி பால் பொங்கி வழிந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். மக்கள் மகிழ்ச்சியோடு பொங்குகிறார்கள் என்றது அறிவிப்புக் குரல்.

அத்தான் ஷெல்லடியில் செத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. செத்த வீட்டில் அந்த வருடம் பொங்கமாட்டார்கள். எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

"உங்கடை அக்காதானே அது? ஆமிக்காரங்களுக்கு நல்லாப் பொங்கிக் குடுக்கிறா" என்றார் சேலை பார்க்க வந்த ஓர் அன்ரி. எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும். அன்றைக்கு மட்டும் குனிந்து அவருக்குச் சேலையை எடுத்துப் போட்டேன்.

அந்தப் படத்தை நாள்தோறும் செய்தியில் போட்டார்கள். அந்த அரசுக்கு எங்கள் பயம் மட்டும் போதாது. நன்றியும் வேண்டும், அதைப் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டவும் வேண்டும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட நம்பமாட்டேன் என்று மார்தட்டியவள் நான். படத்தை மட்டும் அப்படியே விழுங்கிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, முகாமிலிருந்து வெளியே வந்ததும் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். நான் சுகம்கூட விசாரிக்கவில்லை.

"ஏன் அக்கா பொங்கினீங்கள்? அத்தான் போய் வருஷம் திரும்பேல்லையே!"

"ஆரடி பொங்கினது? அடுப்புக்கு முன்னாலை இருக்கச் சொல்லி ஆமிக்காரன் நிண்டவன். இருந்தனான். பால் கொதிக்க வெளிக்கிட, விறகை வெளியாலை இழுத்து இழுத்து விட்டனான். கமராக்காரன் எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு நிண்டவன் தெரியுமே? என்ரை பானை கடைசிவரை பொங்கேல்லை. பிறகு வேறை எங்கையோ போய் எடுத்தவங்கள்."

கடைக்கு ஓடிப்போய், கணினியில் அந்தப் படத்தைத் தேடிப் போட்டேன். அக்காவின் பானையில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை. பொங்கி வழிந்த பானையின் கழுத்திலோ பச்சைப்பசேலென்று மஞ்சள் கொத்து. இரண்டும் வேறு வேறு பானைகள். இத்தனை நாளும் கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பெருமை பெரிதாக இருந்தது. அத்தனை துவக்குகளுக்கும் கமராக்களுக்கும் நடுவில் இருந்துகொண்டு, அக்கா அத்தானுக்குத் துக்கம் அனுசரித்திருக்கிறாள்.

அந்த அன்ரி மறுபடி கடைக்கு வந்தபோது, சேலையை எடுத்துப் போடுவதற்கு முன்னால் கணினியைத் திருப்பி வைத்தேன். அக்கா குனிந்து அடுப்புக்குள் கையை விடும் இடத்தில் படத்தை நிறுத்தினேன்.

"வடிவாப் பாருங்கோ அன்ரி. விறகை உள்ளுக்குத் தள்ளேல்லை, வெளியாலை இழுக்கிறா. இது என்ரை அக்கா."