நடிகைக்காகக் கரையில் கிடந்த படகுகள்

இன்று காலை என் கைபேசியில் அந்த நடிகையின் மாலையிட்ட படம் வந்தபோது, வெளியே காயும் காரப்பொடி மீனின் வாடை, எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் முன்பு இருந்த பஞ்சாயத்து டிவி கொட்டகைக்கு என்னை இழுத்துச் சென்றது. வலையை உதறிய கையோடு வந்த ஆண்களும், மீன்கூடையை இறக்கிய பெண்களும் ஒரே மணலில் அமர்ந்து, அவர் அழுதால் அழுது, சிரித்தால் சிரித்த இடம் அது. இப்போது அங்கே ஐஸ் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள்.

ஒருமுறை, பொன்னேரிக்கு மீன் விற்கப் போன என் அத்தை, அவர் இறந்துவிட்டதாகச் செய்தி கொண்டுவந்தாள். குப்பத்தில் சாவு விழுந்தால் எவரும் கடலுக்குப் போவதில்லை, எந்த அடுப்பிலும் மீன் ஏறுவதில்லை. அவரும் நம் வீட்டுப் பெண்தான் என்று பெரியவர்கள் சொல்லிவிட, நல்ல மீன்பாடுள்ள நாளில் படகுகள் கரையிலேயே கிடந்தன. மாலைச் செய்தியிலோ அவர் ஏதோ விழாவில் சிரித்தபடி குத்துவிளக்கு ஏற்றினார்.

"இன்னாடி தனம், உன் பேச்சக் கேட்டு ஊரே பொழப்ப வுட்டு குந்திக்கினு கீது!" என்று என் நைனா சீறினார்.

"பொண்ணு உசுரோட கீறாளேன்னு சந்தோசப்படுண்ணே. மீனு நாளைக்கும் அங்கதான் கீது" என்றாள் அத்தை, கண்ணைத் துடைத்தபடி. கொட்டகையே சிரித்தது.

இன்று செய்தி உண்மை. ஆனால் படகுகள் வழக்கம்போல் கடலுக்குப் போய்விட்டன. சினிமாப் பைத்தியம் என்ற பெயரை இந்த வயதுவரை வாங்காதவன் நான். மதியம் மீன்குழம்பை ஒதுக்கியபோது, காரணம் கேட்ட மருமகளிடம் வயிறு சரியில்லை என்றேன்.