மீரானின் பயணம் நின்ற கதை

ஒரு பீடியளவு கஞ்சாவுக்கு நீங்கள் என்ன தண்டனை தருவீர்கள்?

லப்பைக்குடிக்காடு மீரான் துபாயில் பதினோரு ஆண்டுகள் கிரேன் ஓட்டியவர். விடுப்பில் வந்தபோது, ஆற்றங்கரையில் புகைத்துக்கொண்டிருந்தவரைப் போலீஸ் பிடித்தது.

"கேஸ் நடத்துனா வருஷமாகும் பாய். ஒத்துக்கிட்டு அபராதம் கட்டுங்க, வெள்ளிக்கிழம பிளைட்ட புடிச்சிரலாம்" என்றார் ஏட்டு.

கோர்ட்டில் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினார், பிளைட்டையும் பிடித்தார். அடுத்த ஆண்டு விசாவைப் புதுப்பிக்க, கம்பெனி ஊர்ப் போலீஸின் நன்னடத்தைச் சான்று கேட்டது. அபராதமும் தண்டனைதான் என்பதால், அவருக்கு அது கிடைக்கவில்லை. கம்பெனி அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டது.

இப்போது கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறார்.

"எப்ப மச்சான் பயணம்?" என்று ஊர்க்காரர்கள் தெரிந்தே கேட்டுச் சிரிக்கிறார்கள். மனைவி ரஷீதா பயணப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாள்.

மீரானுக்கு இனி வழியில்லை. அடுத்தவருக்காகவாவது, சிறிதளவு கஞ்சாவுக்கும் குற்றவாளியாக்கும் இந்தச் சட்டத்தைத் திருத்தச் சொல்லி உங்கள் எம்.பி.க்கு இன்றே எழுதுங்கள்.